காவடிக்குப் போகும் செயற்கைக் கால்

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட பிறகு கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. செருப்பைக் கழற்றினால் செயற்கைக் கால் எல்லார் கண்ணிலும் படும். நடையும் தடுமாறும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடி வருவது கோடைப் புழுக்கத்தில், அதனால் வியர்வையும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் நடை. செயற்கைப் பாதம் பெரும்பாலும் நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவின் குதி உயரத்துக்கு ஏற்றபடி பொருத்தப்படுகிறது. ஷூவைக் கழற்றியதும் குதி தாழ்ந்து, கெண்டைக்கால் குழாய் பின்பக்கம் சாய்ந்து, முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும். சமதரையில்கூட மேடு ஏறுவதுபோல இருக்கும். இதற்காக அறுகோண ஆலன் சாவியை எடுத்துச் செயற்கைக் காலின் திருகாணிகளைத் திருகாதீர்கள். ஷூவைப் போட்டதும் அது வேறு விதமாகக் கெடும்.

ஷூவின் அடித்தளத் தடிமனைக் குதியில் ஒருமுறையும் முன்பாதத்தில் ஒருமுறையும் அளக்க வேண்டும். குதியில் 25 மில்லிமீட்டர், முன்னால் 15 என்றால் வேண்டியது 10 மில்லிமீட்டர் ஆப்பு. கெட்டியான ஈ.வி.ஏ. (செருப்பு அடிக்குப் பயன்படும் நுரைப் பொருள்) அட்டையிலோ கார்க்கிலோ, குதியில் தடித்து நடுப்பாதத்தில் ஒன்றுமில்லாமல் தேயும்படி வெட்டுங்கள். மெத்தென்ற பஞ்சு ஆகாது, நாலு அடியில் அமுங்கிவிடும். ஆப்பைக் குதியில் வைத்து, அடியில் ரப்பர் புள்ளி உள்ள காலுறையை மேலே மாட்டுங்கள். பால்குடமும் தேங்காய்த் தண்ணீரும் சிந்திய தரையில் வெறும் பாதம் வழுக்கும். மற்றக் காலின் உறைக்குள்ளும் அதே உயர ஆப்பு வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்காது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பழகுங்கள்.

சர்க்கரை நோயால் கால் போயிருந்தால் மற்றக் காலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அந்தப் பாதத்திலும் உணர்வு குறைந்திருக்கலாம். ஜனவரித் தார்ச்சாலை சுட்டது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு ஊர்வலத்தில் நடக்கவே கூடாது. கோயிலுக்கென்றே ஒரு சுத்தமான துணி ஷூ வைத்துக்கொண்டு, நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூக்குழி இறங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

எஞ்சிய காலில் மாட்டும் மெத்தென்ற உறையான லைனருக்குள் வியர்வை தேங்கினால் ஒவ்வோர் அடிக்கும் கால் உள்ளே மேலும் கீழும் நழுவித் தோலை உரிக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கொருமுறை ஓரமாக உட்கார்ந்து, கழற்றி, சிறு துண்டால் ஒற்றி, மறுபடி மாட்டுங்கள். மதியத்துக்குள் எஞ்சிய கால் சற்றுச் சுருங்கி, முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கும். எஞ்சிய கால் உட்காரும் கிண்ணமான சாக்கெட்டுக்குள் கால் ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். எஞ்சிய காலில் ஒரு பிளை (பிளை என்பது உறையின் தடிமன் அளவு) உறை கூட்டுங்கள். போதாவிட்டால் மூன்று பிளை. கழற்றியபின் இருபது நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அன்றைக்கு அந்தக் கால் போதும், ஊன்றுகோல்தான். உறைகள் ஏறிக்கொண்டே போனால் சாக்கெட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. சந்தனம், விபூதியை சாக்கெட்டுக்குள் போகும் இடத்தில் பூசாதீர்கள். உலர்ந்த பொடி உப்புத்தாள்போல உரசும்.

தரையில் சம்மணமிட்டால் சாக்கெட்டின் பின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் உள்ள தசைநாண்களைக் குத்தும். நாற்காலி கேளுங்கள். இல்லாவிட்டால் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள். அதுதான் உண்மையில் வசதி, ஆனால் அதற்கு மனசு பழக வேண்டும். வீட்டில் தினமும் இரவு கைக்கண்ணாடியில் எஞ்சிய காலை எல்லாப் பக்கமும் பாருங்கள். புண் தேடுவதற்காகச் செய்யும் இதே வேலையில் கண்ணும் பழகும். தழும்பு முழுவதும் ஆறியிருந்தால் ஐந்து நிமிடம் பஞ்சாலும், பிறகு சொரசொரத் துண்டாலும் தேய்த்துவிடுங்கள்; தொட்டாலே கூசுவது மெல்லக் குறையும். அடுத்து வீட்டில் உள்ளவர்கள் முன்னால் கழற்றுங்கள், அப்புறம் விருந்தாளி முன்னால். கோயில் அதற்கும் பிறகு.

வேட்டியில் மறைப்பதா, குழாய் தெரிய நடப்பதா என்பது உங்கள் இஷ்டம். மறைப்பதானால் வேட்டியை நாலு விரல் தூக்கிக் கட்டுங்கள், இல்லையேல் பாதம் சிக்கும். கேள்விகளுக்கு ஒரு பதிலைக் கைவசம் வையுங்கள். ஆன்ட்டி ஒருவர், "ஐயோ, என்னப்பா ஆச்சு?" என்றால், "சர்க்கரை ஆன்ட்டி, இப்ப நல்லா இருக்கேன். அபிஷேகம் முடிஞ்சிடுச்சா?" போதும். கடைசியில் ஒரு கேள்வி இருந்தால் பேச்சு தானாகத் திரும்பும். குழந்தைகள் நேராகவே கேட்பார்கள். "இது புதுக்கால், தட்டிப் பாரு" என்றால் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

வீடு திரும்பியதும் லைனரை மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காயவிடுங்கள். எஞ்சிய காலையும் இரவிலேயே கழுவுங்கள். காலையில் கழுவினால் ஈரத்தில் ஊதிய தோல் சாக்கெட்டுக்குள் போக மறுக்கும்.