மலை வீட்டில் துணி துவைக்கும் இடம்: குழாய் வாங்கும்போது சறுக்குவது எங்கே?

பின்கட்டில் துவைக்கும் கல் கிடந்த இடத்தைச் சுவரெழுப்பி மூடி, வாஷிங் மெஷினும் ஒரு சிங்க்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது, டைல்ஸ் பார்க்க நான்கு நாள் அலைந்தோம். குழாய் வாங்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடை. விற்பவர் ஒரு விரலால் குழாயைத் திறந்து காட்டினார்; பால் பொங்குவதுபோல நுரைத்துக்கொண்டு தண்ணீர் கொட்டியது. மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தோம். குன்னூரில் மாட்டித் திறந்தால் ஊசியில் கோக்கலாம், அப்படி ஒரு நூல். 15 லிட்டர் வாளி நிரம்ப ஆறு நிமிடம் ஆனது.

குழாயில் ஒரு குறையும் இல்லை. கடையில் அதற்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ பின்பக்க மண்திட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது தங்கள் வீட்டுத் தண்ணீரை. குழாய் அதற்கு அப்புறம்தான்.

டேங்க் எங்கே, குழாய் எங்கே

பிளம்பர்கள் 'ஒரு கிலோ பிரஷர்' என்று சொல்வது பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். கணக்கு அவ்வளவு எளிது. டேங்க்கின் அடிமட்டத்திலிருந்து குழாய் வரை ஆறு மீட்டர் இருந்தால் 0.6 கிலோ. சமவெளியில் மொட்டைமாடி டேங்க்கும் கீழ்த்தளக் குழாயும் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருக்கும். அதனால் அங்கே யாரும் இதை யோசிப்பதில்லை. மலையில் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் டேங்க்குக்கும் பின்கட்டுக் குழாய்க்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான்; 0.15 கிலோ. கோத்தகிரிப் பக்கம் மச்சான் வீட்டில் டேங்க் தேயிலைத் தோட்டத்தின் மேட்டில் இருக்கிறது, வீடு அதற்கு 35 மீட்டர் கீழே. மூன்றரை கிலோ! ஒரே மாவட்டம், ஒரே மாடல் குழாய். எங்கள் வீட்டில் அழுகிறது, அங்கே அறைகிறது.

இதில் பலர் செய்யும் தவறு, வேகம் போதவில்லை என்று 500 லிட்டர் டேங்க்கை எடுத்துவிட்டு 1,000 லிட்டர் டேங்க் வைப்பது. அழுத்தத்தைத் தருவது உயரம் மட்டுமே. டேங்க்கின் வயிறு எவ்வளவு பெரிதானாலும் குழாய்க்கு அது தெரியாது. அந்தக் காசில் டேங்க்குக்கு அடியில் ஒரு ஸ்டாண்டு போட்டிருக்கலாம்.

வாங்கப் போகும் முன் டேப் வைத்து உயரத்தை அளந்துவிடுங்கள். அளக்க வசதியில்லாத சரிவு என்றால், 10 லிட்டர் வாளியும் கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும். பழைய குழாயைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பிலிருந்து பிடிக்க வேண்டும். வெறும் பைப்பிலேயே ஒரு நிமிடத்துக்குமேல் ஆனால், நுரைத் தண்ணீர் தரும் குழாய்களின் பக்கமே போகாதீர்கள். அந்த நுரை, குழாயின் வாயில் இருக்கும் ஏரேட்டர் என்ற சல்லடை காற்றைக் கலப்பதால் வருவது. அழுத்தம் நிறைய இருக்கும் இடத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல பொருள்தான். அழுத்தம் இல்லாத இடத்தில் அது வாயில் வைத்த துணி. எங்களைப் போன்ற வீடுகளுக்கு உள்துளை அகலமான சாதாரணக் குழாய்தான் சரி. குழாய் வரை முக்கால் இஞ்ச் பைப், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு எல்போ (பைப்பை வளைக்கும் மூட்டு), நடுவில் முழுத் துளை உள்ள பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வால்வு). வாஷிங் மெஷினுக்கும் குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று உண்டு. பல மாடல்களின் கையேட்டில் 0.3 அல்லது 0.5 பார் என்று போட்டிருக்கும் (பாரும் கிலோவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்). அதற்குக் கீழே என்றால் எந்தக் குழாய் மாட்டியும் பயனில்லை. ஸ்டாண்டு, இல்லாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப்.

மச்சான் வீட்டுக் கதை நேர் எதிர். மெஷினோடு கொடுக்கும் நாலு ஸ்க்ரூ அடாப்டரைச் சாதாரணக் குழாயின் மூக்கில் இறுக்கிவிட்டு, குழாயைத் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தார்கள். நடு இரவில் அடாப்டர் கழன்று, பாதி டேங்க் பின்கட்டில். ஸ்க்ரூ பிடிப்பது வழுவழுப்பான குரோமின் மேல். மூன்றரை கிலோ அழுத்தத்துக்கு அது எத்தனை நாள் தாங்கும்? மெஷினுக்கென்று முன்பக்கம் முக்கால் இஞ்ச் மரை வெட்டிய தனிக் குழாய் கடையில் கிடைக்கிறது, வாஷிங் மெஷின் டேப் என்றே கேட்டு வாங்கலாம். ஹோஸின் தலையை அதில் நேராகத் திருகிவிடலாம். அழுத்தம் அதிகமான வீட்டில் இன்னொரு தொல்லை, மெஷினுக்குள் இருக்கும் வால்வு சட்டென்று மூடும்போது பைப்பில் 'டொக்' என்று இடிக்கும் சத்தம். ஓடி வரும் தண்ணீர் ஒரே நொடியில் நிற்க வேண்டியிருப்பதால் வரும் இடி அது. நாளடைவில் மூட்டுகளை ஆட்டிவிடும். லைனில் ஒரு பிரஷர் குறைக்கும் வால்வு போட்டால் அடங்கும்.

செம்மண்ணும் செராமிக்கும்

குன்னூருக்கு ரேலியா அணைத் தண்ணீர். முறை வைத்துத்தான் விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும்போது, முதல் பத்து நிமிடம் குழாயில் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல மனசு வராது, டீ நிறத்தில் இருக்கும். ஓடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ பைப் போட்டு எடுக்கும் வீடுகளில் இலைத் துணுக்கும் சேர்ந்து வரும்.

கால் திருப்பில், அதாவது கால்வட்டம் திருப்பினாலே, திறக்கும் குழாய்களுக்குள் இரண்டு செராமிக் வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி வழுக்கும். சுத்தமான தண்ணீரில் வருடக்கணக்கில் சொட்டாது. நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் கீறல் விழும். விழுந்த பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும், உள்ளே இருக்கும் காட்ரிட்ஜை மாற்றியாக வேண்டும். பழைய பாணித் திருகுக் குழாயில் ஒரு ரப்பர் வாஷர். கெட்டால் எந்தப் பெட்டிக்கடைக்குப் பக்கத்து ஹார்டுவேரிலும் கிடைக்கும், நாமே மாற்றிவிடலாம். கால் திருப்பு நவீனம், திருகுக் குழாய் பழசு என்று கடைக்காரர்கள் ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வாளி பிடிக்கும் இடத்துக்குத் திருகுக் குழாய்தான் வைத்திருக்கிறேன்.

செராமிக்தான் வேண்டும் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். டேங்க்கிலிருந்து வரும் லைனில் ஒரு ஒய் ஸ்ட்ரெயினர் வையுங்கள், உள்ளே சல்லடை இருக்கும், கழற்றிக் கழுவலாம். குழாய் வாங்கும்போதே அதே கம்பெனி காட்ரிட்ஜ் ஒன்றைக் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கிய வெளியூர்க் குழாய்க்கு உதிரி தேடி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று இறங்கியவர்களை எனக்குத் தெரியும். சுவருக்குள் புதைக்கும் கன்சீல்டு வகை பின்கட்டுக்கு வேண்டவே வேண்டாம். பழைய கல் சுவரை இரண்டாம் முறை உடைத்துப் பார்த்தால்தான் ஏன் என்று புரியும்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் பித்தளையா?

கடையில் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒட்டவில்லை என்றால் இரும்பு இல்லை என்று மட்டும் அர்த்தம். விலை மலிவான துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. கையில் எடுத்து எடை பாருங்கள், பின்பக்க மரையைப் பாருங்கள். குரோம் பூசாத உள்பக்கத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் கலவை. திருகுக் குழாயில் ஐ.எஸ். 781, அலங்காரக் குழாய்களில் ஐ.எஸ். 8931 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலையில் நல்ல பித்தளையாகப் பார்த்து வாங்க ஒரு தனிக் காரணம் உண்டு. கீழே ஆழ்துளைத் தண்ணீரில் குழாய் வாயில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும், அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் அதற்கே பயப்படுவார்கள். நீலகிரியின் ஓடைத் தண்ணீரும் அணைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், உப்பு படியாது. ஆனால் மென்மையான, லேசான அமிலத் தன்மையுள்ள தண்ணீர் மட்டமான பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல மெல்ல அரித்தெடுத்துவிடும். குழாய் செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக மாறினால் அதுதான். உலோகம் வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே பஞ்சாகியிருக்கும்.

சுடுதண்ணீர்

மார்கழிக் குளிரில் வெறும் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது, கையும் விறைத்துப்போகும். அதனால் சிங்க்குக்கு மிக்ஸர் வைக்க எல்லோருக்கும் ஆசை. இங்கே நடக்கும் தவறு, கீசருக்கு டேங்க் லைன், பச்சைத் தண்ணீருக்குத் தெரு லைன் என்று பிரித்துக் கொடுப்பது. இரண்டின் அழுத்தமும் வேறு. வேகமானது மெதுவானதைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறிவிடும், சுடுதண்ணீர் வரவே வராது. இரண்டையும் ஒரே டேங்க்கிலிருந்து எடுங்கள். கீசரிலிருந்து வரும் பைப் சி.பி.வி.சி. என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அது 93 டிகிரி வரை தாங்கும். சாதாரண வெள்ளை பி.வி.சி. அந்தச் சூட்டில் தளர்ந்துவிடும். மெஷினில் ஒரே ஒரு நீர்வழி இருந்தால் அது குளிர்ந்த தண்ணீருக்கானது. கையேட்டைப் பார்க்காமல் அதில் கீசர் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.

ஒரு மூச்சில் சொல்லிவிட வேண்டிய சில. மெஷினுக்கும் வாளிக்கும் சேர்த்து இரண்டு வாய் உள்ள ஒரே டூ வே குழாய் வைத்தால், அழுத்தம் குறைந்த வீட்டில் வாளிப் பக்கத்தைத் திறந்ததும் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று கத்தி நின்றுவிடும். மெஷினுக்கான குழாயை மெஷினின் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அவசரத்துக்கு எட்டும்படி பக்கவாட்டில் வையுங்கள். சிங்க் குழாயின் மூக்கு வாளியின் வாய்க்கு மேலே ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அப்புறம், தெரு லைன் குழாயில் மாட்டிய ஹோஸின் நுனியைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சப்ளை நின்றதும் லைனில் இருக்கும் தண்ணீர் சரிவில் கீழே இறங்கும், போகும்போது உங்கள் வாளியையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கீழ் வீட்டுக்காரர் குடத்தில் நுரை வரும். தண்ணீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிட்டால் அந்த வம்பு இல்லை.

கைப்பிடியும் குரங்கும்

அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி. குளிர்காலக் காலையில் உருண்டைக் கைப்பிடியைத் திருக முடியாது, நீளமான லீவர் என்றால் மணிக்கட்டாலேயே தள்ளிவிடுவார். பெரியவர்கள் துவைக்கும் வீட்டில் லீவர்தான் என்று நினைத்து வெளிக் குழாய்க்கும் அதையே மாட்டினேன். ஒரே வாரம். குரங்கு வந்து தள்ளித் திறந்து, குடித்து, குட்டியையும் குடிக்க வைத்துவிட்டு, மூடாமல் போனது. டேங்க் காலி. கொடைக்கானலில் இருக்கும் சித்தி சிரித்துக்கொண்டே சொன்னார், "வெளியே திருகு வை, உள்ளே தள்ளு வை, இதுகூடத் தெரியாதாடா?" திருகுக் குழாயையும் திறக்கும் குரங்குகள் இருக்கின்றன என்பது வேறு விஷயம். அதற்குப் பூட்டுப் போடும் குழாய்தான் வழி.

ஊட்டி, தலைக்குந்தா பக்கம் வீடு என்றால் டிசம்பர், ஜனவரியில் உறைபனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டால் குழாயின் உடலோ செராமிக் வட்டோ விரிசல் விடும். திறந்தவெளிக் குழாய்க்குப் போகும் லைனில் வீட்டுக்குள் ஒரு வால்வும் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாயும் வைத்து, இரவில் காலி செய்துவிடுவது நல்லது. சாக்குச் சுற்றுவதும் உதவும். காலையில் உறைந்து கிடந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெடிக்கும். வெயில் ஏறட்டும், அல்லது வெதுவெதுப்பான ஈரத்துணி.

மாட்டும் நாளன்று பிளம்பர் பக்கத்தில் நில்லுங்கள். பித்தளைக் குழாயை வெறும் பிளாஸ்டிக் எல்போவில் முறுக்கினால் எல்போ விரிசல் விடும், பித்தளை மரை பதித்த எல்போ கேளுங்கள். ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை அளவுக்குமேல் சுற்றினாலும் அதே கதி. எங்கள் பழைய ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைத் திருப்பியபோது எல்போவே கையோடு துருவாக உதிர்ந்து வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் குழாயை மட்டும் மாற்றுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், கடைசி இரண்டு மீட்டர் பைப்புக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

முடிந்ததும் மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு செய்தித்தாளைக் கட்டி ஓர் இரவு விடுங்கள். மஞ்சு (மூடுபனி) இறங்கும் நாளில் குளிர்ந்த பைப் முழுக்க வியர்க்கும், கையால் தடவினால் எல்லாமே ஒழுகுவதுபோல இருக்கும். காகிதம் முழுக்க லேசாக ஈரமாகியிருந்தால் அது மஞ்சு. ஒரே இடத்தில் ஊறிக் கிழிந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.