ஆசிரியரின் சொந்தத் தாள்களைப் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் சேர்க்கும் முறை

ஒரு கல்லூரி ஆசிரியரின் நியமனம், பதவி உயர்வு, விடுப்பு ஆகியவை அலுவலகக் கோப்பில் இருக்கும். ஆனால் அவர் வகுப்பில் எதைக் கற்பித்தார், ஒரே பாடக்குறிப்பை ஆண்டுக்கு ஆண்டு எப்படித் திருத்தினார், யாருடன் கடிதவழி வாதிட்டார் என்பவை பெரும்பாலும் அவருடைய சொந்தத் தாள்களில் மட்டுமே இருக்கும். ஓய்வுபெற்றபின் அறையைக் காலிசெய்யும் அவசரத்தில் பல தாள்கள் குப்பைக்குப் போய்விடுவதால், அவர் பணியில் இருக்கும்போதே ஆவணக் காப்பாளர் அவரைச் சந்தித்துப் பேசிவிடுவது நல்லது.

முதலில் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தாள்களை ஒழுங்குபடுத்தாதீர்கள். ஒருவர் உருவாக்கிய ஆவணங்களைப் பிறருடையவற்றோடு கலக்கக்கூடாது என்பதை 1841-இல் பிரான்சும், அவை இருந்த வரிசையைக் குலைக்கக்கூடாது என்பதை 1881-இல் பிரஷ்ய அரசு ஆவணக்காப்பகமும் விதியாக்கின. இன்றும் இத்துறை அவற்றின்மீதுதான் நிற்கிறது. ஒரு கடிதம் ஒரு குறிப்பிட்ட பாடக்குறிப்புக்குள் செருகப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்தால்தான் அந்தப் பாடம் மாறியது என்பதற்கு அது சான்றாகலாம். அதை எடுத்துத் தேதிவாரியாகக் ‘கடிதங்கள்’ கோப்பில் சேர்த்த நொடியிலேயே அந்தச் சான்று அழிந்துவிடும். ஆகவே அலமாரியைத் தட்டுவாரியாகப் படமெடுத்து, பெட்டிகளுக்கு எண்ணிட்டு, எந்தக் கோப்பு எதற்காக வைக்கப்பட்டது என்று ஆசிரியரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரிசையே இல்லாத குவியலாக இருந்தால்மட்டும் புதிய வரிசை அமைக்கலாம். அதையும் பதிவுசெய்ய வேண்டும்.

பாடக்குறிப்புகளின் வெவ்வேறு வடிவங்கள், வினாத்தாள் வரைவுகள், களக்குறிப்பேடுகள், கையெழுத்துப் படிகள், கடிதங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஏற்கலாம். நூலகத்தில் கிடைக்கும் இதழ்களும் உபரிப் படிகளும் வேண்டாம். ஓரக்குறிப்பு எழுதப்பட்ட படி அதற்கு விலக்கு.

மாணவர்களின் மதிப்பெண்கள், விடைத்தாள்கள், பரிந்துரைக் கடிதங்கள், பிறர் கட்டுரைகள் குறித்த இரகசிய மதிப்பீடுகள் ஆகியவை ஆசிரியரின் மேசையில் இருந்தாலும், வெளியிடும் உரிமை அவருக்கு இல்லாமல் இருக்கலாம். இவற்றைத் தனியே பிரித்து, நிறுவன விதிப்படி அழிக்கவோ, குறிப்பிட்ட காலம்வரை மூடிவைக்கவோ வேண்டும். எவை எங்கிருந்து பிரிக்கப்பட்டன என்ற குறிப்புச்சீட்டு பழைய இடத்தில் இருக்கட்டும்.

கொடை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தாளின் உடைமை ஒன்று, பதிப்புரிமை வேறு: ஆசிரியருக்கு வந்த கடிதத்தின் தாள் அவருடையது, அதன் பதிப்புரிமை எழுதியவருடையது. பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி அவ்வுரிமை பொதுவாக, எழுதியவர் மறைந்தபின் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆசிரியர் தம் பதிப்புரிமையைத் தருகிறாரா, எந்தப் பகுதியை எப்போது திறக்கலாம், வேண்டாதவற்றைத் திருப்பித் தருவதா அழிப்பதா என்பனவற்றை அதில் தெளிவாக்குங்கள். வாய்மொழி வாக்குறுதியை வாரிசுகள் நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

துருப்பிடித்த ஊசிகளையும் ரப்பர் பட்டைகளையும் நீக்கி, அமிலமற்ற உறைகளில் இட்டு, பென்சிலால் மட்டும் குறியிடுங்கள். பூஞ்சை கண்டவற்றை உடனே தனிமைப்படுத்துங்கள். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் கூடவே கூடாது. வெப்ப அச்சில் வந்த பழைய தொலைநகல் தாள்கள் மங்கிவிடும் என்பதால் அவற்றை முதலில் படியெடுங்கள். ஒப்பு ஈரப்பதத்தை 35 முதல் 50 விழுக்காட்டுக்குள், பெரிய ஏற்ற இறக்கமின்றி வைத்திருப்பது நல்லது.

பழைய நெகிழ்வட்டுகளையும் வன்தட்டுகளையும் நேரடியாகத் திறந்து பார்த்தால் கோப்புகளின் தேதிகள் மாறக்கூடும். எழுதத் தடைசெய்யும் கருவிவழி முழு வட்டையும் உள்ளது உள்ளபடி பிம்பமாகப் படியெடுத்து, படி பின்னர் மாறவில்லை என்பதைச் சோதிக்க உதவும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு மதிப்பைக் குறித்து, படிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மின்னஞ்சலை மறந்துவிடாதீர்கள்; இன்றைய ஆசிரியரின் கடிதக்கட்டு அதில்தான் இருக்கிறது.

இறுதியாக, ஆவணங்களை விவரிப்பதற்கான பொதுப் பன்னாட்டு நெறியை (ISAD(G)) பின்பற்றி, முதலில் முழுத் தொகுப்பையும், பிறகு ஒரே வகைக் கோப்புகள் அடங்கிய தொடர்களையும், தேவையான இடத்தில் கோப்புகளையும் விவரியுங்கள். தாள்தாளாக விவரிக்க முயன்றால் பணி முடியாது. மூடிய கோப்புகள் எந்த ஆண்டில் திறக்கப்படும் என்பதையும் அதே பட்டியலில் குறிக்க வேண்டும்; இல்லையேல் அவை இருப்பதே ஆய்வாளருக்குத் தெரியாமல் போகும்.