வைஃபை இருந்தால்தான் அம்மாவுக்கு மெசேஜ் போனது

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக். டேட்டா கிடையாது. தம்பி வீட்டு வைஃபையில் இருக்கும்வரை என் மெசேஜ் உடனே போய்விடும். ஊருக்குத் திரும்பினால் ஒன்றும் போகாது. அடுத்து எங்காவது வைஃபை கிடைத்ததும் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். வங்கி ஓடிபி மட்டும் தவறாமல் வந்தது. அதுதான் புதிர்.

சிம்மைக் கழற்றி மாட்டினேன். எஸ்எம்எஸ் மைய எண்ணைச் சரிபார்த்தேன். கஸ்டமர் கேரில் போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். வேறென்ன சொல்வார்கள்!

கடைசியில் என் போனில், மெசேஜ் தட்டும் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் எழுத்து கண்ணில் பட்டது. அம்மாவுக்கு 'ஆர்சிஎஸ் மெசேஜ்'. பட்டன் போன் வைத்திருக்கும் மாமாவுக்கு 'டெக்ஸ்ட் மெசேஜ்'. ஆர்சிஎஸ் இணையத்தில் போவது, வாட்ஸ்அப் மாதிரி. இரண்டு பக்கமும் டேட்டாவோ வைஃபையோ வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு சிக்னல் இருந்தால் போதும். ஓடிபி வந்தது அந்த வழியில்தான்.

அம்மா அடுத்தமுறை தம்பி வீட்டுக்கு வந்தபோது, அவர் போனில் மெசேஜ் செயலியின் செட்டிங்ஸுக்குப் போய் ஆர்சிஎஸ் சாட்டை அணைத்தேன். வைஃபை இருக்கும்போதே அணைப்பது நல்லது, அப்போதுதான் சர்வரிலும் பதிவு நீங்கும். கொஞ்ச நேரத்தில் என் பெட்டியிலும் 'டெக்ஸ்ட் மெசேஜ்' வந்துவிட்டது. இப்போது ஊரிலும் உடனே போகிறது.

படம் அனுப்பினால் அது எம்எம்எஸ், அதற்கு டேட்டா வேண்டும். அப்புறம், ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து, தமிழ் 70தான். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. 'அம்மா' என்றாலே ஐந்து.