உறைவு ஆய்வுக்கு ரத்தம் எடுக்கிறீர்களா? ஐஸ் பெட்டி வேண்டாம்

கம்பம், கூடலூர், குமுளி என்று மலைக்குக் கீழும் மேலுமாக நாலைந்து கிளினிக்கில் ரத்தம் எடுத்து ஒரே லேபில் உறைவுச் சோதனை செய்வதென்றால், மெஷினைவிட ரத்தம் எடுப்பவரின் கைதான் முக்கியம். நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரம்ப வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (உறையாமல் தடுக்கும் மருந்து) என்பது கணக்கு, ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி உறையும் நேரம் பொய்யாக நீளும். "கொஞ்சம் குறைஞ்சா என்ன சார்" என்பார்கள், விடாதீர்கள். நிரம்பியதும் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்கக் கூடாது.

பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால், உறைவுக்கு உதவும் புரதங்களில் ஏழாம் காரணி தூண்டப்படும், வான் வில்பிராண்ட் காரணி குறையும். அறை வெப்பத்திலேயே, குழாயை நிமிர்த்தி வைத்துக் கொண்டு வாருங்கள். ஏபிடிடி (பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஒரு சோதனை) என்றால் ரத்தம் எடுத்ததிலிருந்து 4 மணி நேரம்தான் கெடு. சபரிமலை சீசனில் குமுளி மலைப்பாதையில் ஜீப் மாட்டிக்கொண்டால் அதுவும் போச்சு, ஆகவே கிளினிக்கிலேயே பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது மேல்.

அப்புறம், எல்லோருக்கும் "3,000 ஆர்பிஎம்" (நிமிடத்துக்கு 3,000 சுற்று) என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜின் ஆரம் 10 செ.மீ. என்றால் அது சுமார் 1,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,000 மடங்கு விசை), 15 செ.மீ. என்றால் 1,500 ஜி. அதனால் 1,500 ஜி, 15 நிமிடம் என்றே சொல்லுங்கள். சேமிக்கப் போகும் பிளாஸ்மா என்றால், அடியில் கொஞ்சம் விட்டு வேறு பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி இன்னொரு முறை சுற்றுங்கள். தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே வந்த பிறகுதான் ஃப்ரீசர்.