ஆம்பின் பின்புறத்து இரண்டு துளைகள்

கல்யாண மண்டபத்தில் வாசிக்கும் கிட்டார் கலைஞர் பலர், மீட்டிய சுரத்தை எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலே பெடலை, கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் முன்துளையிலேயே செருகிவிட்டு, ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைக் கூட்டியதும் எதிரொலி கூழாகிவிடுகிறது என்று பெடலைக் குறை சொல்வார்கள். பழுது பெடலில் இல்லை. அதை வைத்த இடத்தில்தான்.

ஆம்புக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ப்ரீஆம்ப், தொனியையும் டிஸ்டோர்ஷன் என்னும் கரகரப்பையும் உருவாக்குகிறது; பவர் ஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்கு அதைப் பெருக்குகிறது. டிலே முன்னால் இருந்தால், மங்கிப்போக வேண்டிய எதிரொலியையும் புதிதாக மீட்டிய சுரத்தையும் ப்ரீஆம்ப் சேர்த்து நசுக்கி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே உரப்பில் வெளியே தள்ளுகிறது. எஃபெக்ட்ஸ் லூப் என்பது இவ்விரு பகுதிகளுக்கும் இடையே திறக்கப்பட்ட வாசல்; ஆம்பின் பின்புறத்து ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என்ற இரண்டு துளைகள்தான் அது. அங்கே வைத்த டிலே, ஏற்கெனவே உருவான ஒலியைத் தெளிவாகத் திரும்பச் சொல்கிறது. பவர் ஆம்பே திணறும் அளவுக்கு ஒலியைக் கூட்டி டிஸ்டோர்ஷன் பெறுபவருக்கு மட்டும் இதனால் பெரிய பயன் இல்லை.

ஒலியளவை முழுதாகக் குறைத்தபின், ‘சென்ட்’ துளையிலிருந்து பெடலின் உள்ளீட்டுக்கும், பெடலின் வெளியீட்டிலிருந்து ‘ரிட்டர்ன்’ துளைக்கும் கேபிள் இணைக்க வேண்டும். டிலேயும், அறையின் முழக்கத்தைச் சேர்க்கும் ரிவெர்பும் இந்த லூப்பில். தொனியை மாற்றும் வா, ஒலியளவைச் சமன்செய்யும் கம்ப்ரஸர், டிஸ்டோர்ஷன் தரும் ஓவர்டிரைவ் ஆகிய பெடல்கள் ஆம்பின் முன்துளைக்கு முன்னால். ஒரே ஒலியைப் பல ஒலிகள் சேர்ந்ததுபோல் தடிப்பாக்கும் கோரஸ் அவரவர் காதைப் பொறுத்தது. லூப்பில் அளவு மாற்றும் சுவிட்ச் இருந்து, பெடல் கரகரத்தால், பெடல்களுக்கேற்ற குறைந்த அளவான −10 நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். லூப் இணைவகை (பேரலல்) என்றால், எஃபெக்ட் சேராத நேரொலி பெடலைத் தொடாமல் தனிவழியில் போய்விடும். ஆகவே பெடலில் எஃபெக்ட் ஒலியை மட்டும் முழுதாக வைத்து, கலவையை ஆம்பிலேயே சரிசெய்ய வேண்டும். ஒலி முழுவதும் பெடல் வழியாகவே போகும் தொடர்வகையே (சீரீஸ்) எனக்குப் போதும்.

பினாங்கின் கடற்காற்றுக்கு ஒரு குறிப்பு. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒத்திகை நடந்தபோது, என் ஆம்பின் ஒலி மெலிந்து, விட்டு விட்டுக் கேட்டது. பல ஆம்புகளில், லூப்பில் எதுவும் செருகாதபோது ஒலி ரிட்டர்ன் துளைக்குள் இருக்கும் சிறு தகட்டுத் தொடர்பின் வழியாகவே கடக்கிறது. ஈரக்காற்றில் அது கறுத்துவிட்டால் ஒலி தடைபடும். ஒரு குட்டைக் கேபிளால் சென்டையும் ரிட்டர்னையும் நேராக இணைத்தேன். ஒலி உடனே நிமிர்ந்தது. மறுநாள், மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் தெளித்த பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை துளைக்குள் செருகி எடுத்தபோது கறை போயிற்று. பெட்டியைத் திறக்கவில்லை; ஏனெனில், வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பின் கெப்பாசிட்டர்களில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம் தங்கியிருக்கும்.