தண்ணீர்மலைப் பக்கம் மெதுவாக ஒரு நடை

காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் நேரே கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறக் கிளம்ப வேண்டாம். தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும், 1884இல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவே இப்போதைக்குப் போதும். லேசாகப் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். முதல் வாரம் போக வர 20 நிமிடம், அவ்வளவுதான். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நாகலிங்க மரத்தருகே நான் எப்போதும் நின்றுவிடுவேன். பூ அடிமரத்திலேயே பூத்திருக்கும், வாசனை ஆளைத் தூக்கும். (காய் பீரங்கிக் குண்டு மாதிரி, நேர் கீழே நிற்காதீர்கள்.) சாப்பாட்டுப் பை கையில் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். மறுநாளும் அசதி விடவில்லையா? அடுத்த நடையைக் குறையுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் உடனே உட்காருங்கள், அப்புறம் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.