லாகின் பக்கம் வரவில்லையா? பொது வைஃபை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி வழியாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலை ஓட்டல்கள், ஓசூர் விடுதிகள், ஒகேனக்கல் லாட்ஜுகள் எனப் பல இடங்களில் இன்று வாடிக்கையாளர் வைஃபையை எதிர்பார்க்கிறார். இணைந்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் நெட் வரும். இந்தப் பக்கத்தைக் காட்டும் மென்பொருளைக் கேப்டிவ் போர்ட்டல் என்பார்கள். மைக்ரோடிக் ரூட்டரில் ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் கூடவே இருக்கிறது, பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளிலும் உண்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் ஓடும் ரூட்டர் என்றால் ஓபன்என்டிஎஸ் மென்பொருளைப் போடலாம். எதைப் போட்டாலும் வருகிற புகார் ஒன்றுதான்: "வைஃபை கனெக்ட் ஆகுது, லாகின் பக்கம் வரல." பெரும்பாலும் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, அமைத்த விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

லாகின் பக்கத்தைத் திறக்க வைப்பது உண்மையில் கைபேசிதான். வைஃபையில் சேர்ந்தவுடன் ஆண்ட்ராய்டு கைபேசி கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்னக் கோரிக்கை அனுப்பும். 204 என்ற வெற்றுப் பதில் வந்தால் நெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஐபோன் ஆப்பிளின் முகவரியில் 'சக்சஸ்' என்ற சொல்லைத் தேடும். எதிர்பார்த்த பதிலுக்குப் பதில் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டால் கைபேசியே லாகின் ஜன்னலைத் திறக்கும். இந்தச் சோதனையைக் கெடுக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கெடுப்பது எப்படி நடக்கிறது? லாகின் பக்கத்தை அழகாக்க கூகுள் எழுத்துருக்களைச் சேர்க்கிறார்கள். அவை லாகினுக்கு முன்பே இறங்க வேண்டும் என்பதற்காக கூகுளின் ஜிஸ்டாட்டிக் டாட் காம் முழுவதையும் அனுமதிப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டின் சோதனை முகவரியும் அதே டொமைனுக்குள்தான் இருக்கிறது. சோதனைக்கு 204 வந்துவிடும், கைபேசி 'நெட் இருக்கு' என்று நம்பிவிடும், பக்கம் வரவே வராது. எழுத்துரு, படம் எல்லாவற்றையும் ரூட்டரிலேயே வைத்துவிடுங்கள். பேமென்ட் கேட்வே போன்றவற்றை அனுமதித்தே ஆக வேண்டும் என்றால் முழு டொமைனையும் திறக்காமல், தேவையான முகவரியை மட்டும் சேருங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. எச்டிடிபிஎஸ் எனப்படும் மறையாக்கம் செய்த தளங்களையும் மறித்து லாகின் பக்கத்துக்குத் திருப்பப் பார்ப்பது. ஒருவர் வங்கித் தளத்தைத் திறக்கிறார், ரூட்டர் குறுக்கே புகுந்து பதில் சொல்கிறது, தளத்தின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட் பொருந்தாததால் எச்சரிக்கை வருகிறது. "பரவாயில்ல, அட்வான்ஸ்டு அழுத்தி உள்ள போங்க" என்று ரிசப்ஷனில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இப்படிப் பழகியவர் நாளை நிஜமாகவே ஒரு மோசடிக்காரர் குறுக்கே நின்றாலும் அதே பொத்தானைத்தான் அழுத்துவார். லாகினுக்கு முன் எச்டிடிபிஎஸ் இணைப்புகளை நிராகரித்துவிட்டால் போதும், கைபேசியின் சோதனை சாதாரண எச்டிடிபியிலும் போகிறது. இன்னும் நேரான வழியும் இருக்கிறது: 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தரநிலை. கைபேசிக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) கொடுக்கும்போதே, அதற்கான டிஎச்சிபி முறையின் ஆப்ஷன் 114 வழியாக, போர்ட்டல் பற்றிய தகவல் கிடைக்கும் முகவரியையும் ரூட்டர் சொல்லிவிடும். ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 முதல் இதைப் புரிந்துகொள்கின்றன. லாகின் பக்கத்துக்கென ஒரு டொமைனும் முறையான சர்டிஃபிகேட்டும் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே தருகிறது, தானாகப் புதுப்பிக்கும்படி மட்டும் அமைத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை ஓட்டல்காரர்கள் ஐபி முகவரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒரு நெட்வொர்க்குக்கு 254 முகவரிகள்தான், ரூட்டருக்கே ஒன்று போய்விடும். ஒரு பேருந்தில் நாற்பது பேர் இறங்குகிறார்கள், இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் லீஸ் நேரம், அதாவது ஒரு முகவரியை ஒருவருக்கு ஒதுக்கி வைக்கும் நேரம், 24 மணி என்று இருந்தால் அவர்கள் சேலம் தாண்டிய பிறகும் முகவரிகள் அவர்கள் பெயரிலேயே கிடக்கும். ஏழாவது பேருந்தில் வருபவர்களில் பலருக்கு ஐபியே கிடைக்காது. லீஸை அரை மணி நேரமாகக் குறையுங்கள், அல்லது நெட்வொர்க் அளவை /22 என்று வைத்து 1022 முகவரிகளாக விரியுங்கள். லாட்ஜில் நிலைமை வேறு, அங்கே லீஸ் நீளமாகவே இருக்கலாம். ஆனால் மாடிக்கு ஒரு வைஃபை பெயர் வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்) காட்டுகின்றன. போர்ட்டல் அதை வைத்தே ஆளை அடையாளம் காண்பதால், மாடி மாறினால் மறுபடி லாகின் கேட்கும்.

ஓடிபி விஷயத்தில், குறுஞ்செய்தியின் வார்ப்புருவை டிஎல்டி எனப்படும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தளத்தில் பதிவு செய்யாவிட்டால் செய்தி போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும், ஐபோனில் அதைப் பார்க்க வெளியே போனால் லாகின் ஜன்னல் மூடிக்கொள்ளலாம். திரும்பி வருபவரிடம் மீண்டும் எண்ணைக் கேட்காமல், ஓடிபி கட்டத்திலேயே பக்கம் திறக்க வேண்டும். சிக்னல் எட்டாத அறைக்காரருக்கும் வெளிநாட்டு எண் வைத்திருப்பவருக்கும் ரிசப்ஷனில் லாகின் குறியீடு உள்ள ஒரு வவுச்சர் கொடுத்துவிடலாம். அப்புறம் மொழி. கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆங்கிலத்தில் மட்டும் பக்கம் போடுவது சரியில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஓசூருக்கு இந்தியும் சேர்த்து நாலு வரிதானே.

யார் எப்போது இணைந்தார் என்ற பதிவுகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் கடிகாரத்தை, நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி மூலம் சரியாக வைக்கவும் சொல்கிறது. மலிவான ரூட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்தால் தேதி தவறிவிடும். என்டிபியை அமைக்காத ரூட்டரின் பதிவு போலீஸ் கேட்கும்போது பயன்படாது. அதே சமயம், பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் என்று எல்லாவற்றையும் கேட்டுச் சேர்த்து வைப்பதும் தவறு. எண் போதும்.

லாகின் பக்கம் இருப்பதாலேயே வைஃபை பாதுகாப்பானது ஆகிவிடாது. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் காற்றில் போகும் தகவலுக்குப் பூட்டு இல்லை. கிளையன்ட் ஐசொலேஷனை இயக்குங்கள், பக்கத்து அறைக் கைபேசி உங்கள் விருந்தினரின் லேப்டாப்பைத் தொட முடியாது. பில்லிங் கணினியும் கேமராவும் தனி நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத டீக்கடைக்கு, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் பொருத்தம். கடைக்காரருக்கு உரிமமோ கட்டணமோ தேவையில்லை, லாகினையும் கணக்கையும் பிடிஓஏ எனப்படும் ஒருங்கிணைப்பு நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.